மேனேஜர் விரலில் உட்கார்ந்தார்

கிளி ஜோசியம் பார்த்திருக்கிறீர்களா? இப்போதெல்லாம் அபூர்வம். மரத்தடியில் ஒரு ஜமுக்காளம், அதன் மேல் வரிசையாகச் சீட்டுகள், பக்கத்தில் சின்னதாக ஒரு கூண்டு. ஜோசியர் கதவைத் தூக்குவார். 'இந்த மகராசனுக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடுத்துக் குடு தாயி' என்பார். கிளி நடந்து வரும். (கவனிக்க: நடந்து.) நாலைந்து சீட்டுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒன்றைக் கவ்வி எடுத்துக் கொடுக்கும். கூலியாக ஒரு நெல்மணி வாங்கிக்கொள்ளும். திரும்பிப் போய்த் தானாகவே கூண்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டு யோகம் இருக்கிறதா, இல்லையா என்ற பதற்றத்தில் நாம் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுவோம்.

கதவு திறந்திருக்கிறது. மேலே வானமும் திறந்துதான் இருக்கிறது. கிளி ஏன் ஸார் பறந்து போகவில்லை?

விடை ஜாதகத்தில் இல்லை, சிறகில் இருக்கிறது. பறப்பதற்கான நீள இறகுகளைக் கத்தரித்திருப்பார்கள். போக இடமிருந்தும் போக வழியில்லை. நம்மில் பலர் ஹவுஸிங் லோன் வாங்கிவிட்டு அதே ஆபீஸில் உட்கார்ந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜோசியரின் கெட்டிக்காரத்தனத்தையும் சொல்ல வேண்டும். சீட்டை எடுத்தால் நெல், எடுத்த உடனே நெல். இதே சங்கதியைத்தான் பி.எஃப்.ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் புறாக்களையும் எலிகளையும் வைத்து வருஷக்கணக்கில் ஆராய்ந்து புத்தகம் புத்தகமாக எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது அவர் புறாக்களுக்கு வெடிகுண்டு ஓட்டவே பயிற்சி கொடுத்தார். குண்டின் மூக்குப் பகுதியில் மூன்று புறாக்கள். எதிரே திரையில் இலக்கின் பிம்பம். புறாக்கள் அதைக் கொத்தக் கொத்த, குண்டு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். புறாக்கள் ஒழுங்காகத்தான் கொத்தின. ராணுவத்துக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. 1944-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

ஆக, தானியம் கொடுத்தால் பறவை வேலை செய்யும். அது பயிற்சி. ஆனால் பறவை நம்மை நம்புமா? அது வேறு சப்ஜெக்ட். போன வருஷம் என் மச்சினன் புண்ணியத்தில் எனக்கு அந்தப் பாடம் நடந்தது.

* * *

மச்சினனுக்கு வயது 26. திருச்சியிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தான். அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் வேலை. ஒரு நாள் சாயங்காலம், 'அத்தான், கிளி வளர்க்கலாம்னு இருக்கேன்' என்றான்.

'உள்ளே போறதா உத்தேசமா?' என்றேன்.

பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். எதிர் வீட்டுத் தாத்தா வளர்த்தார், மாமி வளர்த்தார் என்பதெல்லாம் கோர்ட்டில் செல்லாது. ஜோசியக் கிளிகளையும் வனத்துறை பறிமுதல் செய்கிறது.

பையன் யோசித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு 'லவ் பேர்ட்'டுடன் வந்தான்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். தமிழ்நாடு முழுக்க நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்வது பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ் அல்ல. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரர். நம் வீடுகளில் பச்சையும் மஞ்சளும் நீலமுமாகக் கீச்கீச்சென்று கத்துவது பட்ஜெரிகார். சுருக்கமாக பட்ஜி. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. ஜான் கூல்டு என்ற பறவை நிபுணர் 1840-ல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்து உலகம் பூராவும் பரவிவிட்டது. கடையில் விற்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. அலகுக்கு மேலே மூக்குத் துவாரம் இருக்கும் இடம் நீலமாக இருந்தால் வளர்ந்த ஆண், பழுப்பாக இருந்தால் பெண். ஆண் கொஞ்சம் வாயாடி. கலிபோர்னியாவில் பக் என்று ஒரு பட்ஜி, 1,728 வார்த்தைகள் தெரியும் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. 1994-ல் காலமாகிவிட்டது. ஒரு நாள் பூராவும் ஆபீஸில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத ஆசாமிகளை எனக்குத் தெரியும்.

மச்சினன் கொண்டு வந்ததும் ஆண்தான். கூண்டில் இறங்கியதும் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் எங்களை ஏற இறங்கப் பார்த்தது. பதில் பேசவில்லை.

'எங்க மேனேஜர் லீவ் லெட்டரை இப்படித்தான் அத்தான் பார்ப்பார்' என்றான்.

பெயர் நிலைத்துவிட்டது. மேனேஜர்.

* * *

முதல் நாளே பையன் ஆர்வத்தில் கூண்டுக்குள் கையை விட்டான். 'வாடா செல்லம்' என்றான். மேனேஜர் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தார்.

'பாசமாத்தானே கூப்பிட்டேன்?' என்று அவனுக்கு வருத்தம்.

நான் படித்தது பி.காம். கணக்குப் போட்டுக் காட்டினேன். பட்ஜி ஒன்றின் எடை 30-லிருந்து 40 கிராம். 35 என்று வைத்துக்கொள். நீ 70 கிலோ. அதாவது அதைவிட 2,000 மடங்கு. இப்போது உன் எடையை 2,000-த்தால் பெருக்கு. 140 டன். நல்ல வளர்ந்த நீலத் திமிங்கிலம். அது உன் ரூம் கதவைத் திறந்து, உடம்பை உள்ளே நுழைத்து, 'வாடா செல்லம்' என்றால் நீ போய்க் கட்டிப் பிடித்துக்கொள்வாயா?

பறவையின் கண்கள் தலைக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. சுற்றிலும் எந்தத் திசையிலிருந்து ஆபத்து வருகிறது என்று பார்க்க வசதியாக. மேலிருந்து இறங்கும் எதுவும் அதன் அகராதியில் வல்லூறு. நம்முடைய கண்களோ வேட்டையாடும் பிராணிகளுக்கு இருப்பதைப் போல முன்பக்கம். நாம் ஆசையாக இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்ப்பதைப் பறவை எப்படி எடுத்துக்கொள்ளும்? 'இவன் என் எடையைப் பார்க்கிறான்' என்றுதான்.

ஆகவே முதல் பத்து நாளைக்கு வேலை என்னவென்றால், ஒரு வேலையும் செய்யாமல் இருப்பது. ஆபீஸ்காரர்களுக்கு இது சுலபம் என்று நினைத்தேன். இல்லை, ரொம்பக் கஷ்டம். கூண்டை மார்பு உயரத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி வைத்தோம். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் யாருக்கும் ஒரு தைரியம். சாப்பாடு, தண்ணீர் வைப்பதோடு சரி. மற்றபடி மச்சினன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, கூண்டைப் பார்க்காமல், தினமும் அரை மணி நேரம் பேப்பரைச் சத்தமாகப் படித்தான். பங்குச் சந்தை, வானிலை, பவர் கட் அறிவிப்பு எல்லாம். குரல் பழக வேண்டும் அல்லவா?

'என் தம்பி பத்தாவதுல இப்படிப் படிச்சிருந்தா ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்திருப்பான்' என்றாள் என் மனைவி.

பேப்பர் படிக்கிற சாக்கில் ஓரக் கண்ணால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இறகுகளை உடம்போடு இறுக்கிக்கொண்டு, குச்சி மாதிரி ஒல்லியாகி, அசையாமல் நின்றால் பயம். நாம் இருக்கும்போது சாப்பிடாமல் இருந்தாலும் பயம்தான். நம் எதிரிலேயே இறகைக் கோதினால் கொஞ்சம் நிம்மதி. ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் சொருகிக்கொண்டு நின்றால் நல்ல நிம்மதி. அலகை மெல்ல நறநறவென்று அரைத்தால், 'விளக்கை அணைங்கப்பா, தூக்கம் வருது' என்று அர்த்தம்.

எட்டாம் நாள் மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். மச்சினன் மாடியிலிருந்து எனக்கு போன் செய்து, கிசுகிசுப்பான குரலில் சொன்னான். நான் கீழ் ஹாலில்தான் இருந்தேன்.

* * *

அடுத்து வந்தது தினை.

தினைக்கதிர் என்றால் பட்ஜிக்கு உயிர். நம் ஊர்க் கதையில் வள்ளிக்கு என்ன வேலை? தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, 'ஆலோலம்' பாடிக் கிளிகளை விரட்டுவது. இங்கே என் மச்சினன் தினையைக் கையில் பிடித்துக்கொண்டு, 'வா வா' என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். காலம் மாறிவிட்டது.

முறை இதுதான். கூண்டுக்கு வெளியே கையில் தினைக்கதிரை வைத்துக்கொண்டு மெல்லக் கிட்டே கொண்டு போக வேண்டும். பறவை இறகை இறுக்கினால் அங்கேயே நிறுத்தி, கையைப் பின்னால் எடுக்க வேண்டும். அது முறைத்தால் ஜெயித்துக் காட்டுவது நம் வேலை இல்லை. 'நான் வேண்டாம்னா இந்தத் திமிங்கிலம் போயிடுது' என்று அதற்குத் தெரிய வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகுதான் அது கிட்டேயே வரும். நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிஷம் முதல் பத்து நிமிஷம். அதற்கு மேல் போனால் அதற்கும் போரடிக்கும்.

வெளியே பழகியதும் கை உள்ளே. மேலிருந்து அல்ல, கீழிருந்து, மார்புக்கு நேராக. கதிரின் நுனியைக் கொத்த ஆரம்பித்ததும் கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிப் பிடிக்க வேண்டும். கடைசியில் தினை வேண்டுமென்றால் விரல் மேல் கால் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை. வயிற்றுக்குக் கீழே, காலுக்குச் சற்று மேலே விரலை லேசாக ஒட்டினால் படியேறுகிற மாதிரி ஏறிவிடும்.

கடித்தால்? கடி என்பது பறவை எழுதும் புகார்க் கடிதம். அதற்கு முன்னால் இரண்டு, மூன்று மெமோ கொடுத்திருக்கும்: இறகை இறுக்கியிருக்கும், சாய்ந்து விலகியிருக்கும், வாயைத் திறந்து காட்டியிருக்கும். நாம்தான் படித்திருக்க மாட்டோம். கையை உதறுவது, அதட்டுவது, கூண்டைத் தட்டுவது எல்லாம் வீண். தண்டனை என்கிற தத்துவம் அதற்குப் புரியாது. 'இவன் திடீரென்று பயங்கரமாகிறான்' என்பது மட்டும் புரியும்.

இருபத்துநான்காம் நாள் நடந்தது. பையன் சந்தோஷத்தில் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு போன் போட்டான்.

'அம்மா! மேனேஜர் இன்னிக்கு என் விரல்ல உட்கார்ந்தார்!'

எதிர்முனையில் சற்று நேரம் மௌனம்.

'ஆபீஸ்ல ரொம்ப வேலையா ராஜா? நாலு நாள் லீவ் போட்டுட்டு வாயேன்.'

* * *

ஏறியதும் பாராட்ட வேண்டும். எப்போது? அந்த நொடியே. நாம் தினையை எடுத்து நீட்டுவதற்குள் பறவை தலையைச் சொறிந்துகொண்டால், சொறிந்ததற்குத்தான் சம்பளம் என்று அது நினைத்துக்கொள்ளும். அதனால் பழக்குகிறவர்கள் 'டிக்' என்று சத்தம் எழுப்பும் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். சரியான செயலைச் செய்த கணத்தில் ஒரு 'டிக்'. பின்னாலேயே தினை. நாலைந்து நாளில் 'டிக்' என்றாலே 'பாஸ்' என்று அதற்குப் புரிந்துவிடும். மச்சினன் அமுக்கு பால்பாயின்ட் பேனாவை உபயோகித்தான். செலவு பத்து ரூபாய்.

'நான் ஜூன் மாசம் ஸ்டாக் கணக்குல பண்ணின நல்ல வேலைக்கு அடுத்த ஏப்ரல்ல இன்க்ரிமென்ட் தர்றாங்க அத்தான். அதுக்குள்ள எதுக்குத் தந்தாங்கன்னே எனக்கு மறந்துபோயிடுது' என்றான் ஒரு நாள். ஸ்கின்னர் கேட்டிருந்தால் கை கொடுத்திருப்பார்.

இப்படியாக ஒரு சாப்ஸ்டிக்கின் நுனியை அலகால் தொட வைத்தான். குச்சி போகும் இடத்துக்கெல்லாம் மேனேஜர் போனார். தானாகக் கூண்டுக்குள் திரும்ப வைத்தான். சமையலறையிலிருந்து எடுத்துப் போன டிஜிட்டல் தராசில் ஏறி நிற்க வைத்தான். (என் மனைவி வேறு தராசு வாங்கிக்கொண்டாள்.) இங்க் ஃபில்லரில் கேரட் சாறு ஒரு சொட்டு வைத்து நீட்டினால் குடிக்கவும் பழக்கினான். 'இதெல்லாம் எதுக்குடா?' என்றேன். 'சும்மா, அவருக்கும் பொழுது போகணுமே' என்றான்.

தினமும் சாயங்காலம் ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கண்ணாடிக்குத் திரை போட்டு, அறைக்குள் பறக்க விடுவான். அரை மணி நேரம் பறந்துவிட்டு, குச்சியைக் காட்டினால் இறங்கி வரும்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் மார்ச் 31 வந்தது.

* * *

அக்கவுண்ட்ஸ் செக்ஷன்காரர்களுக்கு மார்ச் கடைசி வாரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நாலு நாளாகச் சரியான தூக்கமில்லை. ராத்திரி பத்து மணிக்கு வந்தான். பாவம், பறவை நாள் முழுக்க அடைந்து கிடக்கிறதே என்று கதவைத் திறந்தான். மேனேஜர் திரைச்சீலைக் கம்பியில் போய் உட்கார்ந்தார். குச்சியைக் காட்டினான். வரவில்லை. தினையைக் காட்டினான். வரவில்லை. அது அடைந்து தூங்கும் நேரம். இருட்டியாச்சு, அது அசையாது. இவனுக்குக் காலை ஏழு மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும். டவலை எடுத்து வீசினான். அமுக்கிப் பிடித்துக் கூண்டில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள் கையில் தினையோடு போனான். மேனேஜர் மூலையில் ஒட்டிக்கொண்டார். குச்சி மாதிரி ஒல்லியாகி. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு.

முதல் நாள் பார்த்த அதே காட்சி.

'ஒரே ஒரு தடவை அத்தான்' என்றான். முகம் சரியில்லை. 'மூணு மாசமா ஒழுங்கா இருந்தேனே... அதெல்லாம் கணக்குல வராதா?'

பி.காம்.காரர்களுக்கு குட்வில் என்று ஒரு ஐட்டம் தெரியும். பாலன்ஸ் ஷீட்டில் சொத்துகள் பக்கத்தில் இருக்கும். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது. சேர்க்க வருஷக்கணக்காகும். ரைட்-ஆஃப் செய்ய ஒரு வரி போதும்.

பறவை வாங்கிய கடைக்காரரிடம் போய் யோசனை கேட்டிருக்கிறான். அவர் சிம்பிளாகச் சொல்லிவிட்டார். 'சிறகை வெட்டிடலாம் தம்பி. வலிக்காது, நம்ம நகம் வெட்டுற மாதிரி. அப்புறம் எங்க போவுது? உங்க விரலை விட்டா அதுக்குப் போக்கிடம் கிடையாது. தானா ஒட்டிக்கும்.'

அவர் சொன்னதில் பாதி நிஜம். வளர்ந்து முற்றிய இறகை வெட்டினால் வலிக்காது. இறகு உதிர்ந்து புதிதாகவும் முளைக்கும். ஃபேனில் அடிபடுகிற, ஜன்னல் வழியே தொலைந்து போகிற அபாயம் குறையும் என்று வெட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் பறக்கலாம் என்று நினைத்துக் கிளம்பி தொப்பென்று விழுகிற பறவை நெஞ்செலும்பில் அடிபட்டுக்கொள்ளலாம். பயம் வந்தால் பறவைக்குத் தெரிந்த முதல் வைத்தியம் பறப்பதுதான். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சமிருப்பது கடி.

பையன் கத்தரிக்கோலோடு என்னிடம் வந்தான். 'வெட்டிடலாமா அத்தான்?' என்றான்.

'வெட்டு. விரல்ல வந்து உட்காரும். ஆனா அது உன்னை நம்பி உட்கார்ந்துதா, வேற வழியில்லாம உட்கார்ந்துதான்னு உனக்கு எப்பவுமே தெரியாது. பரவாயில்லையா?'

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவர் சொல்லும் 'சரி'க்கு என்ன மதிப்பு என்று ஆபீஸ் போகிறவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

'அப்போ... முதல்லேர்ந்தா?'

'முதல்லேர்ந்துதான்.'

கத்தரிக்கோல் மேஜைக்குள் போயிற்று. நாற்காலி கூண்டுப் பக்கம் வந்தது. மறுபடி பேப்பர். மறுபடி பங்குச் சந்தை, வானிலை, பவர் கட். முதல் தடவை இருபத்துநான்கு நாளில் விரலுக்கு வந்த மேனேஜர், இந்தத் தடவை நாற்பது நாள் எடுத்துக்கொண்டார். டவலைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தோம். ஒரு நாள் தெரியாத்தனமாகத் தோளில் டவலைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போன என்னையும் அவர் நம்பவில்லை.

* * *

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. மேனேஜர் வழக்கம்போலத் தராசில் ஏறினார். 'டிக்.' தினை. பையன் வழக்கம்போல நோட்டில் எழுதப் போனவன், நிறுத்தினான்.

'அத்தான், 34 காட்டுது. திங்கட்கிழமை 36.'

வெள்ளிக்கிழமை 32.

நான் பார்த்தேன். பறவை நன்றாகத்தான் இருந்தது. கத்தியது, பறந்தது, தினையைக் கொத்தியது. 4 கிராம்தானே என்றேன்.

'நாலு கிராமா? 36-ல நாலுன்னா ஒன்பதுல ஒரு பங்கு. 70 கிலோல எட்டு கிலோ அத்தான். நாலு நாள்ல நீங்க எட்டு கிலோ இளைச்சா அக்கா சும்மா இருப்பாளா?'

பறவைகள் வியாதியை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும் என்பதால், முடிகிற வரைக்கும் சாதாரணமாகவே நடந்துகொள்ளும். உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று நாம் கவனிக்கும்போது, பல நேரம் ரொம்ப லேட். இறகு மூடியிருப்பதால் இளைப்பதும் வெளியே தெரியாது. தராசுக்குத்தான் தெரியும்.

அரை நாள் லீவ் போட்டுவிட்டுப் பறவைகளைப் பார்க்கும் கால்நடை டாக்டரிடம் ஓடினான். தீனிப்பையில் கிருமித் தொற்று. ஏழு நாளைக்கு, காலை மாலை சொட்டு மருந்து.

'ஒருத்தர் டவல்ல சுத்திப் பிடிச்சுக்கோங்க, ஒருத்தர் வாயில விடுங்க. ஜாக்கிரதை, இவ்வளவு சின்னப் பறவை, பயத்துலயே போயிடும்' என்றார் டாக்டர்.

டவல் என்றதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் பையன் இங்க் ஃபில்லரை எடுத்தான். மருந்தை இழுத்தான். கை நடுங்கியது. கூண்டுக் கதவைத் திறந்து, விரலை நீட்டாமல், ஃபில்லரை மட்டும் காட்டினான். மேனேஜர் தலையைச் சாய்த்து, லீவ் லெட்டரைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அப்புறம் இரண்டு எட்டு நகர்ந்து வந்தார். குடித்தார். கசந்திருக்க வேண்டும், தலையை ஒரு உதறு உதறினார். நகரவில்லை. மிச்சத்தையும் குடித்தார்.

'டிக்' செய்யப் பேனாவைத் தேடினான். கிடைக்கவில்லை. நானே நாக்கால் 'டிக்' என்றேன்.

பதினாலு வேளை அப்படியே. டவல் தேவைப்படவில்லை. பத்தாம் நாள் தராசு 35 காட்டியது.

* * *

இதைப் படித்துவிட்டு யாராவது இந்த ஞாயிற்றுக்கிழமையே பறவைக் கடைக்குக் கிளம்பினால், கொஞ்சம் நில்லுங்கள். பட்ஜி ஐந்து முதல் பத்து வருஷம் வாழக்கூடியது. கூட்டமாக வாழும் ஜாதி. காலை எட்டுக்குப் போய் ராத்திரி எட்டுக்குத் திரும்புகிற ஆசாமி ஒற்றைப் பறவை வாங்கக் கூடாது. அது தனிமைச் சிறை. ஜோடியாக வாங்குங்கள். நம்மிடம் பழக நாளாகும், பரவாயில்லை. (எங்கள் மேனேஜருக்குப் பகலெல்லாம் துணை, வீட்டில் உட்கார்ந்து எழுதும் நான்தான். அவர் கத்துவார், நான் பதில் விசிலடிப்பேன். 'எங்கே இருக்கே?' 'இங்கேதான் இருக்கேன்.' அவ்வளவுதான் பேச்சு.) ஓடுகிற சீலிங் ஃபேன் எமன். நான்-ஸ்டிக் தவா காய்ந்து கருகினால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். ஊதுவத்தி, கொசுவத்திப் புகையும் ஆகாது. அவகாடோ, சாக்லேட், காபி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் அரை மணி நேரம். மார்ச் 31 உட்பட.

அரை மணி நேரம் உங்களிடம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்துக் 'கா, கா' என்று கூப்பிடுங்கள். நம் பாட்டிகள் காலம் காலமாகச் செய்த பயிற்சிதான். கூண்டில்லை, கத்தரிக்கோல் இல்லை, சிறகு முழுசாக இருக்கிறது, வானமும் திறந்திருக்கிறது. அப்படியும் வருகிறது பாருங்கள், அது நம்பிக்கை. சாதாரண ஆளல்ல காக்கை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, வளையம் போட்டு விட்டார்கள். அந்த முகமூடியை அந்த ஊர்க் காக்கைகள் வருஷக்கணக்காக ஞாபகம் வைத்திருந்து திட்டித் தீர்த்தன. அது முகம் பார்க்கும், நேரமும் பார்க்கும்.

நானும் ஒரு மாசமாகச் சோறு வைத்துப் பார்க்கிறேன். என் மனைவி கூப்பிட்டால் சுவரில் அவள் கைக்கு ஒரு முழத்தில் வந்து இறங்குகிறது. நான் கூப்பிட்டால் எதிர் வீட்டு ஆன்டெனாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நான் உள்ளே போன பிறகுதான் வருகிறது.

எனக்கு இன்னும் புரொபேஷன்தான்.